இதர செலவு

பென்னாகரம் ரோட்டில் என் புளிக் கிடங்கு.
தகரக் கூரை.
பங்குனி வெயில் அதன்மேல் படுத்தால்
ஆறு மணி வரை எழுந்திருக்காது.

தொழிலை நான் தியேட்டரில் கற்றவன்.
பாட்டு தொடங்கும்போது அவன் சைக்கிளில் கடலை விற்பான்.
முதல் சரணத்தில் வேன்.
அடுத்ததில் நாலு லாரி, வெள்ளை ஷூ.
நடுவில் அவன் வட்டி கட்டி
ஒருநாளும் பார்த்ததில்லை,
வயலின்தான் வாசித்தார்கள்.
அந்த வயலின் எனக்குப் பதினாறு வருஷமாக ஓடுகிறது.
ஒரு டெம்போ வந்திருக்கிறது.
அதுவும் தவணையில்.

இன்னொரு படத்தில் பண்ணையார்
அறுவடை வயலில் மேளக்காரனை நிறுத்துவார்.
தாளத்துக்குக் கை ஓடும், கதிர் குவியும்.
படம் ஓடவில்லை.
யோசனையை மட்டும் நான் எடுத்துக்கொண்டேன்.

டிவி வாங்கி
எடை மெஷினுக்கு மேலே மாட்டினேன்.

மூன்று மணிக்கே
பிள்ளை வரும், மாடு வரும் என்று எழுகிற பெண்கள்
ஐந்தரை வரை அசையவில்லை.
கண் சீரியலில்,
ஓடு தட்டி, நார் உருவி, கொட்டை எடுத்துக்
கை தன்பாட்டுக்கு.
ஆளுக்கு மூன்று கிலோ கூட.
மருமகள் அழுத வாரங்களில் நாலு.
(நோட்டில் குறித்து வைத்திருக்கிறேன்.
சிரித்த வாரம் நஷ்டம்.)

அன்று அந்த மருமகள்
மில்லுப் பத்திரத்தில் பேனாவை வைத்தாள்.
"படிச்சுப் பாருடி பைத்தியமே!"
மாதம்மாள் ஓங்கிய சுத்தியில்
ஓடு தெறித்து என் சட்டைப் பையில் விழுந்தது.
அவள் படிக்கவில்லை.
மில் போச்சு. வீடு போச்சு.
பதினெட்டு நாள் மழையிலேயே நின்றாள்.
எனக்கு நல்ல சரக்கு.

சனிக்கிழமை. கூலி.
நோட்டை நீட்டினேன், பேனாவைத் திறந்து.
எப்போதும் அதன்மேல் ஒரு கிறுக்கல் விழும்,
பணத்தை எண்ணிக்கொண்டே நடப்பார்கள்.
கெம்பம்மா நோட்டை வாங்கி
வெளிச்சத்துப் பக்கம் திருப்பினாள்.
ஏழாவது வரை போனவளாம். எனக்குத் தெரியாது.
கறுத்த விரல் ஒவ்வொரு கட்டமாக நகர்ந்தது,
புளிக்கறை பக்கமெல்லாம்.

"இதர, ரெண்டு ரூவா. அப்பிடின்னா?"
"கரன்ட்டு."
"எந்தக் கரன்ட்டு?"
நான் மேலே பார்த்தேன்.
எல்லாரும் மேலே பார்த்தார்கள்.
டிவியில் ஒரு குடும்பம்
பற்பசைக்காகச் சிரித்துக்கொண்டிருந்தது.

அடுத்த பக்கத்தைப் புரட்டினாள்.
"உரிச்ச புளிக்குத்தான் எடை போடுறீங்க.
கொட்டை எங்க போவுது?"

எனக்குப் பின்னால்
தைத்து, மை போட்டு,
மாவு மில்லுக்குப் போகக் காத்திருந்தன
பதினொரு மூட்டைகள்.
இந்த இடத்தில் வில்லன் சிரிப்பான்.
நானும் முயன்றேன்.
இருமல் வந்தது.

ஒரு மணி நேரம் பேசினோம்.
பேசினார்கள்.
இதரவை அடித்தாயிற்று,
கிலோவுக்கு ஒன்றரை ரூபாய் ஏற்றியாயிற்று.
கொட்டை விவகாரம் மட்டும்
தீரவில்லை, தினமும்
நல்ல இடமாகப் பார்த்து நிறுத்துகிறாள் கெம்பம்மா.
மறுநாள் அதைக் கேட்க
நானே பூட்டைத் திறந்துகொண்டு காத்திருக்கிறேன்.

டிவியைக் கழற்றலாம் என்றான் என் மச்சான் திம்மராயன்.
கழற்றினால் மூன்று மணிக்கு எழுந்துவிடுவார்கள்.
அவனுக்கு வியாபாரம் தெரியாது.

நேற்று கோர்ட்டு சீன்.
பத்திரம் செல்லாது என்றார் நீதிபதி,
வில்லன் தலை குனிந்தான்.
பன்னிரண்டு பேரும் கை தட்டினார்கள்.
புளிப் பிசுக்கு,
ஒரு கையிலும் சத்தம் வரவில்லை.
என் கை சுத்தம்.
நான் தட்டியது மட்டும்
தகரத்தில் மோதித் தனியாகக் கேட்டது.